மூவருக்கு ஒரு முகவரி

பறம்பின் தலைவனாகிய பாரி மாண்ட பின்னர் அவனுடைய மகளிர் இருவரையும் உடனழைத்துக் கபிலர் மேற்கொண்ட பயணம் புறநானூற்றில் பாடல்களாய் எஞ்சியுள்ளது. முதலில் விச்சிக்கோவை நாடினார். பின்னர் இருங்கோவேளை நாடினார். குலம் கூறினார், கொடை கூறினார், முல்லைக்குத் தேர் ஈந்தவனின் மக்கள் இவர் என்று கூறினார். அரசர் இருவரும் இசைந்திலர். ஈற்றில் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்பது பாடலின் அடிக்குறிப்புத் தரும் செய்தி. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால மரபுக்குரியவை. பழைய நூலில் அவர்கள் 'பாரி மகளிர்' என்ற ஒரே தொடருக்குள் அடங்கி நிற்பவர்கள். கபிலர் தேடியது மணமகனையே அன்றி வளர்ப்புப் பெற்றோரை அன்று என்பது உண்மையே. எனினும், ஒருத்தியை நீ கொள்க, மற்றவளை வேறொருவன் கொள்ளட்டும் என்று அவர் எவ்விடத்தும் கூறவில்லை. இரு வாயில்களில் மறுக்கப்பட்ட பின்னரும் அவர் அவ்விருவரையும் பிரித்துப் பேசாமை கருதத்தக்கது.

தமிழ் மரபில் இதற்கு நேர்மாறான கதையொன்றும் உண்டு. ஆதி, பகவன் என்போருக்குப் பிறந்த எழுவரும் பிறந்த இடத்திலேயே ஒவ்வொருவராய் விடப்பட்ட கதை அது. உப்பை வண்ணாரிடம் வளர்ந்தாள், உறுவை கள் விற்போரிடம், ஔவை பாணரிடம், வள்ளி குறவரிடம். வள்ளுவர், அதிகமான், கபிலர் ஆகியோரும் அவ்வாறே வேறு வேறு மனைகளை அடைந்தனர். குலவேற்றுமை பிறப்பினால் ஆவதன்று, வளர்ப்பினால் ஆவது என்பதை நிறுவுவதற்குக் கபிலரகவல் இக்கதையைச் சான்றாக எடுத்தாள்கிறது. அந்நோக்கத்துக்கு அது வலிமையான சான்றுதான். ஆனால் எழுவர் ஒரு வயிற்றில் பிறந்து ஏழு வீடுகளுக்குச் சிதறியமை ஓர் இழப்பு என்பது அகவலின் சிந்தனைக்குள் வரவேயில்லை. குழந்தைக்குப் பாலும் பாயும் கிடைத்துவிட்டால் போதும் என்று கருதும் மனப்பான்மை இன்று நேற்றுத் தோன்றியதன்று.

வடமாகாணத்தில் நன்னடத்தை உத்தியோகத்தராகக் கடமையாற்றிய ஒரு பெண்மணிக்கு, 2011ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விரு கதைகளுக்கும் இடையே நிற்க நேர்ந்தது. கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து முதியவள் ஒருத்தி மூன்று பிள்ளைகளுடன் அவருடைய அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மூத்தவளுக்கு வயது ஒன்பது, அடுத்தவனுக்கு ஆறு, கடையவனுக்கு மூன்று நிரம்பவில்லை. தந்தை 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவர். தாய் கைக்குழந்தையோடும் மற்ற இருவரோடும் செட்டிகுளத்து முகாமில் இருந்து, மீள்குடியேறி, ஓராண்டுக்குள் நோயுற்று இறந்துவிட்டாள். அம்மம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணிலும் மங்கல். "என்னால ஏலாது, தங்கச்சி. ஆனா இதுகளை ஒண்டா வச்சிருங்கோ" என்பதே அவள் கேட்டுக்கொண்டது.

அது இயலாமற் போனதற்கு ஒருவருடைய கொடுமையும் காரணமன்று. சிறுவர் இல்லங்கள் பல ஆணுக்கென்றும் பெண்ணுக்கென்றும், பால்குடி மறந்தவருக்கென்றும் பள்ளி செல்வோருக்கென்றும் வகுக்கப்பட்டவை. நிருவாகத்துக்கு அது வசதி. பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்னும் நியாயமும் அதற்கு உண்டு. ஆனால் அக்காவும் தம்பியும் அவ்வொழுங்கில் ஒரே கூரையின் கீழ் அமைய முடியாது. நீதவானின் கட்டளைப்படி மூத்தவள் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கும், நடுவிலான் ஆண்பிள்ளைகள் இல்லத்துக்கும் போயினர். கடையவன், 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் கூறும் 'தகுதியுடைய ஆள்' என்ற முறையில், நகரை அடுத்திருந்த ஒரு குடும்பத்தின் தற்காலிகப் பொறுப்பில் விடப்பட்டான். ஒரு முதியவளின் கையிலிருந்து மூவரும் மூன்று இடங்களுக்குச் சென்றமை, மூன்று கையெழுத்துகளில், ஒரு முற்பகலுக்குள் முடிந்த காரியம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மூவரையும் ஓரிடத்திற் கூட்டுவது என உத்தியோகத்தர் தாமாகவே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார். பெண்பிள்ளைகள் இல்லத்தின் மேற்பார்வையாளர் ஒருநாள் அவரிடம் ஒரு முறைப்பாட்டைக் கூறினார். மாலைத் தேநீருடன் கொடுக்கப்படும் பிஸ்கட்டில் ஒன்றை அச்சிறுமி உண்பதில்லை. அதைக் கடதாசியிற் சுற்றி உடுப்புப் பெட்டிக்குள் வைக்கிறாள், எறும்பு மொய்க்கிறது, கண்டித்தும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அந்தப் பொதி எங்கே போயிற்று என்பதை உத்தியோகத்தர் அறிவார். நமுத்துப்போன பிஸ்கட்டுகளை அவள் இரண்டு தம்பியருக்கும் எண்ணிப் பங்கிடுவாள், ஒற்றையாக எஞ்சுவதை உடைத்துக் கொடுப்பாள், தான் உண்பதில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே மேற்பார்வையாளரும் கண்டிப்பதை விட்டு, மூடியுள்ள தகரப் பேணி ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

இதனைப் படிக்கும்போது, உளவியல் பயின்றோருக்கு ஆனா பிராய்டும் சோபி டானும் 1951இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வரலாம். நாசிகளின் தெரேசின் முகாமிலிருந்து மீட்கப்பட்ட மூன்று வயதளவிலான யூதக் குழந்தைகள் அறுவர், 1945இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள ஒரு வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். பெற்றோரைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர்கள் அவர்கள். வளர்ந்தோரை அவர்கள் நம்பவில்லை, அடித்தனர், கடித்தனர். ஆனால் தம்முள் ஒருவரைவிட்டு ஒருவர் சிறுபொழுதும் பிரிய மறுத்தனர். உணவைத் தாம் உண்பதற்கு முன் அடுத்தவருக்கு நீட்டினர். ஒருவர் பெறுவதில் மற்றவருக்குப் பொறாமை இல்லை. அவ்வறுவரும் இரத்த உறவினர் அல்லர். தாயில்லாத குழந்தைக்குத் தன்னையொத்த இன்னொரு குழந்தையே பற்றுக்கோடாக அமையக்கூடும் என்பதை அவ்வீட்டின் அனுபவம் காட்டியது. இரத்த உறவில்லாதவரிடையே அது அத்துணை உறுதியாயின், ஷெல் வீச்சின் நடுவே தம்பியை இடுப்பிற் சுமந்து நடந்த ஏழு வயது நிரம்பாத சிறுமிக்கும் அத்தம்பிக்கும் இடையிலுள்ளதை அளவிட அளவுகோல் எங்கே?

2012இன் தொடக்கத்தில் ஒரு தம்பதியர் வந்தனர். மணமாகிப் பதினான்கு ஆண்டுகள் கடந்தும் பிள்ளையில்லாதவர்கள், இருவரும் ஆசிரியர்கள். உத்தியோகத்தர் அவர்களுடைய வீட்டைச் சென்று பார்த்தார். வீடு நல்ல வீடு. மனிதரும் நல்ல மனிதர். கடையவனைக் கண்டதும் அவ்வம்மையாரின் கண்கள் கலங்கின. மூவரைப் பற்றிக் கூறியபோது கணவர் நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "இவனுக்கு ஒண்டும் ஞாபகம் இருக்காது, மிஸ். மூத்த பிள்ளைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அதுகள் பக்கத்தில இருந்தா இவன் எப்பவும் அங்கத்தைப் பிள்ளைதான், எங்கட பிள்ளையாக மாட்டான்" என்றார்.

அவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்த மனிதன், முழுவதும் தனக்கே உரிய ஒரு பிள்ளையை விரும்புவதை இழிவென்று தள்ளிவிட முடியாது. உத்தியோகத்தரைத் தூங்கவிடாமற் செய்தது அவருடைய விருப்பமன்று. அலுவலகத்திலிருந்த மூத்த சகா ஒருவர் எழுப்பிய வினாவே. "மூண்டு பேரையும் ஒண்டா ஆர் எடுக்கப் போகினம்? ஒருத்தரும் இல்லை. மூண்டு பேரும் பதினெட்டு வயசு மட்டும் விடுதியில கிடக்கிறதோ, ஒருத்தனெண்டாலும் ஒரு வீட்டில வளருறதோ, எது நல்லது?" இதற்கு எளிய மறுமொழி இல்லை. பந்தத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில், தாய்மடி கிடைக்கக்கூடிய ஒரே பிள்ளையின் வாய்ப்பையும் அழித்துவிடுவது அன்புதானா? கடையவனின் வயதோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. மகவேற்க வருவோரிற் பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தையை. நான்கு வயதைக் கடந்துவிட்டால் அவனையும் எவரும் கேட்கமாட்டார்கள்.

சட்டம் இவ்விடயத்தில் என்ன கூறிற்று? யாழ்ப்பாணத்துக்கு இது புதிய வினா அன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1706இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலேயே சுவீகாரம் பற்றிய பகுதி உண்டு. பிள்ளையை ஏற்க விரும்புவோர் தம் சகோதர சகோதரிகளின், அவர்கள் இல்லையேல் அடுத்த உறவினரின் சம்மதத்தைப் பெறல் வேண்டும். சம்மதித்தோர் மஞ்சள் நீரில் விரல் தோய்ப்பர். அந்நீரைப் பருகுவதால் சுவீகாரம் நிறைவுறும். விரல் தோய்க்க மறுத்தவர் தம் மரபுரிமையை இழப்பதில்லை. உடன்பிறப்பின் உரிமையை இத்துணை நுட்பமாகப் பேணிய ஒரு சட்டத்தைக் காண்பது அரிது. ஆனால் யாருடைய உடன்பிறப்பு? ஏற்பவருடைய உடன்பிறப்பு, காணி, பூமிக்கு உரித்தாளராகிய உடன்பிறப்பு. ஏற்கப்படும் பிள்ளைக்கு அக்கா ஒருத்தி இருப்பாளாயின் அவள் விரல் தோய்ப்பதற்கு அக்கிண்ணத்தில் இடமில்லை.

மஞ்சள் நீர் வழக்கொழிந்தது. அதனிடத்தில் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம் வந்தது. ஏற்பவரின் வயது, பெற்றோரின் சம்மதம், நீதிமன்றத்தின் விசாரணை என யாவும் அதில் ஒழுங்குபெற்றன. பிள்ளை பத்து வயதைக் கடந்திருப்பின் அதன் சம்மதமும் பெறப்படல் வேண்டும் என்பது அதன் மேன்மையான ஏற்பாடுகளுள் ஒன்று. 2012 ஆகஸ்ட் மாதத்தில் மூத்தவளுக்குப் பத்து வயது நிரம்பிற்று. அன்றுமுதல், அவளைப் பற்றி அவளைக் கேட்காமல் எதையும் செய்ய இயலாது. ஆனால் தம்பியைப் பற்றி அவளைக் கேட்க வேண்டும் என்று அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவளுக்குத் தன்மீது ஓர் உரிமை பிறந்தது. அவள் உலகத்தில் எஞ்சியிருந்த ஒரேயொரு பொருளின்மீது உரிமை பிறக்கவில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள், தகுந்த காரணமின்றி உடன்பிறந்தாரைப் பிரித்து வைத்தலாகாது என்று தெளிவாகவே கூறுகின்றன. வழிகாட்டி, கட்டளைச் சட்டம் அன்று.

தந்தையின் நிலை இன்னொரு முடிச்சாயிற்று. பெற்றோரைக் கண்டுபிடிக்க இயலாவிடின் அவர்தம் சம்மதமின்றியே நீதிமன்றம் கட்டளையிடலாம். காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் வழி திறந்திருந்தது. காணாமற்போனார் என்று மட்டும் கூறும் சான்றிதழ் 2016இலேதான் சட்டமாயிற்று; அதற்கு முன்னர் ஒருவர் உயிரோடிருக்க வேண்டும், அல்லது இறந்திருக்க வேண்டும். அம்மம்மா மரணப் பதிவுக்குக் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள். சிறுமியிடம் பேச்சை எடுத்தபோது அவள் அழவில்லை. "மிஸ், அப்பா வந்தா முதல்ல எங்கட வளவுக்குத்தான் வருவார். நாங்கள் அங்க இல்லை. அம்மாவும் இல்லை. பிறகு தம்பி ஒரு வீட்டில, நான் ஒரு இடத்தில, இவன் ஒரு இடத்தில எண்டா, எங்களை எப்பிடித் தேடிப் பிடிப்பார்?" என்று கேட்டாள். மூன்று பேரையும் தனித்தனியே தேடுவது ஒரு மனிதனுக்கு எவ்வளவு அலைச்சல் என்பதே அவளுடைய கவலை.

ஆசிரியத் தம்பதியருக்கு உத்தியோகத்தர் இசைவில்லை என்று அறிக்கை எழுதினார். அவர் வாழ்வில் எழுதிய அறிக்கைகளுள் அதுவே கடினமானது. அது சரியானதுதான் என்னும் உறுதி அவருக்கு அன்று இருக்கவில்லை. சகாவின் முகத்தைப் பார்ப்பதையே சில வாரங்கள் அவர் தவிர்த்தார்.

அதன்பின் அவர் கண்டறிந்த ஒன்று, இத்துறையில் உழைப்போர் யாவரும் அறிந்திருக்கத்தக்கது. மகவேற்க விரும்பி விண்ணப்பித்தவர்களின் பட்டியலைப் பலமுறை புரட்டிய பிறகே அது அவருக்குப் புலப்பட்டது. அப்பட்டியலில் இருந்தோர் பிள்ளையில்லாதோர். அவர்களுக்கு வேண்டியது ஒரு தொடக்கம். அதனால்தான் கைக்குழந்தையைக் கேட்டனர். ஒருங்கே மூன்று பிள்ளைகளை ஏற்கக்கூடியவர்களோ முன்பே பிள்ளை வளர்த்துக் கைபழகியவர்கள். சண்டை, சளி, பொய், பாடசாலைக் கட்டணம் எதற்கும் அஞ்சாதவர்கள். அவர்கள் விண்ணப்பிப்பதில்லை, தமக்கு அப்படியொரு வழி உண்டென்றே அவர்கள் அறியார். ஆகவே பட்டியலை மூடிவைத்துவிட்டு அவர் கோவில் தருமகர்த்தாக்களிடமும், பங்குத் தந்தையரிடமும், கிராம உத்தியோகத்தரிடமும், மாதர் சங்கங்களிடமும் பேசத் தொடங்கினார். பிள்ளையில்லாத வீட்டை அல்ல, பிள்ளைகள் வளர்ந்து வெறுமையான வீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார். சிலர் சிரித்தனர். கனடாவிலிருந்து தாய்மாமன் ஒருவர் பணம் அனுப்ப முன்வந்தார். ஆளாக வர அவரால் இயலவில்லை. முல்லைத்தீவிலிருந்த சின்னம்மா, சொந்தப் பிள்ளைகள் நால்வரோடு தகரக் கொட்டிலில் இருந்தாள். கேட்கவே உத்தியோகத்தருக்கு மனம் வரவில்லை.

தென்மராட்சியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஒருவரும் அவர் மனைவியும் 2013இல் இவ்வாறே அகப்பட்டனர். ஒரே மகள் மணமாகி வவுனியாவுக்குப் போய்விட்டாள். வீட்டில் இரண்டு அறை, ஒரு மாடு, ஒரு கிணறு. கணவர் முதலில் ஒரு பையன் போதும் என்றுதான் கூறினார், கடையில் உதவுவான். மனைவி இடைமறித்தாள்: "ஒண்டை மட்டும் பிரிச்சுக் கொண்டுவந்தா, அது இரவில எப்பிடி நித்திரை கொள்ளும்? வந்தா மூண்டும் வரட்டும். இல்லாட்டி வேண்டாம்." கணவர் எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, சரி என்றார்.

ஓராண்டு காலம் 'தகுதியுடைய ஆள்' என்ற முறையிலேயே பிள்ளைகள் அங்கிருந்தனர். அது இனிமையான ஆண்டாய் இருந்தது என்று எழுதினால் பொய்யாகும். நடுவிலான் கடைக் காசை எடுத்தான். கடையவன், முன்பிருந்த குடும்பத்தை நினைத்துப் பல இரவுகள் அழுதான். அவர்களும் அவனை நேசித்தவர்கள்தாமே. மூத்தவளுக்கும் வளர்ப்புத் தாய்க்கும் அடுப்படியில் ஓயாத பூசல்: தம்பிக்குச் சோறூட்டுவது யார் என்பதே விடயம். தாயாக இருந்து பழகிய பிள்ளையை மறுபடியும் பிள்ளையாக்குவது எளிதன்று. ஒருநாள் அந்த அம்மா சோற்றுக் கோப்பையை அவள் கையிற் கொடுத்து, "நீ தம்பிக்குத் தீத்து. நான் உனக்குத் தீத்திறன்" என்றாளாம். பூசல் அன்றோடு ஓய்ந்துவிட்டது என்றில்லை, குறைந்தது.

2014இல் மகவேற்பு விண்ணப்பம் மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி சிறுமியைத் தமது அறைக்குள் அழைத்து, சட்டம் விதித்தவாறு அவளுடைய சம்மதத்தைக் கேட்டார். அதன்பின் சற்றுத் தயங்கி, "தம்பிமார் இரண்டு பேரையும் இவர்களுக்கே கொடுக்கலாமா?" என்றும் கேட்டார். சட்டம் கேட்கச் சொல்லாத வினா அது. வழக்கேட்டில் அது பதியப்படவும் இல்லை. அவள், கொடுக்கலாம், ஆனால் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றாள்.

மறுவாரம் உத்தியோகத்தர் பஸ் ஏறி அவர்களுடைய பழைய கிராமத்துக்குப் போனார். சிறுமி கொப்பித் தாளில் எழுதிய கடிதம் கைப்பைக்குள் இருந்தது. மூவரின் பழைய பெயர்களும், தந்தையின் முதலெழுத்தோடு, வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றின் கீழே தென்மராட்சி வீட்டின் முகவரியும், கடை எந்தச் சந்தியில் உள்ளது என்பதும், எந்த பஸ்ஸில் வந்து எங்கே இறங்க வேண்டும் என்பதும் இருந்தன. பிரதிகள் மூன்று. ஒன்றை அம்மம்மாவிடம் கொடுத்தார். அவளால் வாசிக்க இயலாது, ஆயினும் மடித்துத் தலையணைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாவதைக் கிராம உத்தியோகத்தர் கோவையில் இட்டார். மூன்றாவதைச் சந்திக் கடைக்காரர் வாங்கி, ஒருமுறை வாசித்து, ஒன்றும் கூறாமல், கடன் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒட்டினார். கடன் கொப்பி நிரம்பிப் புதியது வாங்கும்போதெல்லாம் அத்தாளைப் பெயர்த்தெடுத்துப் புதியதில் ஒட்டுவது அவர் வழக்கமாயிற்று.